கியூ வந்தது, யூ வரவில்லை

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மகள் பாடசாலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அப்பா, என்னை ஸ்க்ராபிள் டீமுக்கு எடுத்திட்டாங்க" என்றாள். எட்டாம் ஆண்டு படிக்கிறாள். ஸ்க்ராபிள் என்றால் ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி எடுக்கிற விளையாட்டு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வசனம் வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. "வீட்டில யாராவது கூட விளையாடிப் பழக்கணுமாம்." வீட்டில் இருப்பது நான், அவளின் அம்மா, மாமி. மூன்று பேருமே தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். நான் மட்டக்களப்பில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து, பதினெட்டு வருஷமாகப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என்னுடைய ஆங்கிலம் இன்வொய்ஸ் ஆங்கிலம். "நிலுவை", "செலுத்தப்பட்டது" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இஸட் எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல் ஒன்று சொல் என்றால் முழிப்பேன்.

டீமில் இருக்கிற மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பொழிந்தார்கள். அதில் போய் "எந்தப் புத்தகம் வாங்கவேணும்" என்று கேட்க எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தின் விலை, பிறகு கூட்டிப் பார்த்தபோது, ஏழு மாதமும் 19,000 ரூபாய்க்கு மேல் காசும். பிள்ளை அழுதது தனிக் கணக்கு. இன்னொரு அப்பாவோ அம்மாவோ இதே வெட்கத்தோடு இருக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதுவது கொஞ்சம் கோணல் வேலை. கியூ-ஐ என்று எழுதினால் கியூ என்ற எழுத்தும் ஐ என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். சில சொற்களை உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். நீங்கள் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமையே மருதானைப் பக்கம், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கிற பழைய புத்தகக் கடை வரிசைக்குப் போனேன். வெயிலில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, கடைசியில் "ஸ்க்ராபிள் அகராதி" என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்த ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. 2,500 என்றார், 1,800க்குத் தந்தார். நான் பேரம் பேசி வென்றுவிட்ட சந்தோஷத்தில் உள்ளே புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் மேல் பிழை இல்லை. அவர் விற்றது புத்தகம்தான், நான்தான் அது எந்த நாட்டுப் புத்தகம், எந்த வருஷத்துப் புத்தகம் என்று பார்க்காமல் வாங்கினேன். அது 1990களில் அச்சான அமெரிக்கப் பதிப்பு.

புத்தகத்தின் முன்பக்கத்தில் இரண்டெழுத்துச் சொற்களின் பட்டியல் இருந்தது. 96 சொற்கள். இந்த விளையாட்டில் அந்தக் குட்டிச் சொற்கள்தான் அத்திவாரம், ஏனென்றால் அவை தெரிந்தால்தான் ஏற்கெனவே பலகையில் இருக்கிற சொல்லோடு ஒட்டி ஒட்டி உங்கள் சொல்லை வைக்கலாம். மகள் மூன்று கிழமையில் 96ஐயும் பாடமாக்கினாள். காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது நான் கேட்பேன், அவள் சொல்வாள். ஒன்றுகூடப் பிசகாது. நான் கடையில் நாநாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நாநா என்றது என்னோடு இருபது வருஷத்துக்குக் கிட்ட வேலை செய்கிற மூத்த முஸ்லிம் ஒருவர். அவர் பிறகு வருவார்.

முதல் போட்டி ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு மேசை செஸ் மணிக்கூடு, பெற்றோர் எல்லாரும் விறாந்தையில். ஜன்னலால் எட்டிப் பார்க்கலாம், கதைக்க முடியாது. இரண்டாவது ஆட்டத்தில் எதிரில் இருந்த பையன் சி-எச் என்று இரண்டெழுத்தை வைத்தான். மகளின் முகத்தில் ஒரு சிரிப்பு. 96இலே சி எழுத்தோடு ஒரு சொல்லும் இல்லை என்று அவளுக்கு நித்திரையில் கேட்டாலும் தெரியும். கையை உயர்த்தி, இப்படி ஒரு சொல் இல்லை என்று சவால் விட்டாள். நடுவர் கணினியில் அடித்துப் பார்த்தார். சொல் சரி. அந்தப் போட்டி விதிப்படி பிழையான சவாலுக்கு எதிராளிக்கு 5 புள்ளி. சி-எச் என்பது இங்கிலாந்தின் ஒரு பக்கத்துப் பழைய பேச்சு வழக்கில் "நான்" என்று பிறகு தேடி அறிந்தேன். அடுத்த ஆட்டத்தில் இஸட்-ஓ. அதுவும் சவால், அதுவும் சரி, இன்னொரு 5. அது இமயமலைப் பக்கம் யாக்கும் மாடும் கலந்து பிறக்கிற ஒரு விலங்கு. அதோடு பிள்ளைக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. நாலாவது ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பச்சைப் பொய்ச் சொல்லை வைத்தபோது இவள் கையைத் தூக்கவே பயந்து விட்டுவிட்டாள். 38 புள்ளி அதில் போனது.

கடைசி ஆட்டம்தான் கொடுமை. முடிகிற நேரம் இவள் கையில் கியூவும் ஐயும் ஒரு வியும் மிச்சம். ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும், ஆனால் பலகையில் யூ எல்லாம் அடைபட்டுவிட்டது. கியூவை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள், மணிக்கூடு ஓடியது, எதிராளி தன் கடைசி எழுத்தை வைத்து முடித்துவிட்டாள். கையில் மிஞ்சின எழுத்துகளின் பெறுமதி உங்களிடமிருந்து கழிந்து மற்றவருக்குச் சேரும். கியூவுக்கு மட்டும் 10. அப்படியென்றால் இங்கே பத்து, அங்கே பத்து, இருபது புள்ளி வித்தியாசம். இவள் தோற்றது 14 புள்ளியால். எழும்பும்போது அந்த எதிராளிப் பிள்ளை, நல்ல பிள்ளை, "ஏன் கியூ-ஐ வைக்கேல்ல?" என்று கேட்டிருக்கிறாள். கியூ-ஐ. சீன மொழியில் உயிர்மூச்சு, "சீ" என்று உச்சரிப்பார்களாம். இரண்டு எழுத்தும் கையிலேயே இருந்தது.

நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வரும்வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, புத்தகம் வாங்கிக் கொடுத்தது நான்.

அன்று இரவு உட்கார்ந்து தேடியபோதுதான் விஷயம் விளங்கியது. ஸ்க்ராபிளுக்கு ஒரே அகராதி இல்லை. வட அமெரிக்காவில் ஒரு பட்டியல், மற்ற உலகத்தில் பெரும்பாலும் கொலின்ஸ் என்ற ஆங்கில அகராதிக்காரரின் பட்டியல். நாங்கள் விளையாடுவது கொலின்ஸில். 2019இல் வந்த கொலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. எங்கள் புத்தகத்தில் 96. மிச்சம் 31 சொல்லை என் பிள்ளைக்கு யாரும் காட்டவே இல்லை. கியூ-ஐ, இஸட்-ஏ இரண்டும் அமெரிக்கப் பட்டியலுக்கே 2006இல்தான் வந்தன, எங்கள் புத்தகம் அதற்கும் முந்தியது. ஓ-கே என்ற சொல்லை நாம் எத்தனை வருஷமாகச் சொல்கிறோம், அது கொலின்ஸ் பட்டியலில் ஏறியது 2019இல். இதில் ஒரு தந்திரமான கஷ்டம் இருக்கிறது. அமெரிக்கச் சொற்கள் ஏறத்தாழ எல்லாம் கொலின்ஸிலும் இருக்கின்றன. அதனால் பிள்ளை வைக்கிற சொல் பிழைக்காது. மற்றவன் வைக்கிற சரியான சொல்தான் பிழையாகத் தெரியும். வீட்டில் எத்தனை ஆட்டம் விளையாடினாலும் இந்தக் குறை வெளியே வராது, போட்டிக்குப் போனால்தான் குத்தும். ஆகவே யாராவது என்னிடம் இப்போது கேட்டால் சொல்வது: சொல் தேட முதல் "எந்தப் பட்டியல், எந்த வருஷம்" என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். ஒரு வரி மெசேஜ். எனக்கு அந்த ஒரு வரியைக் கேட்க மூன்று மாதம் வெட்கம்.

வெட்கம் அப்போதும் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. விஷயம் விளங்கியும் நான் பயிற்சியாளரிடம் போகாமல் ஃபோனிடம் போனேன். கையில் இருக்கிற எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைக் கொட்டுகிற ஆப் ஒன்று. மூன்று நாள் இலவசம் என்று போட்டிருந்தது, அட்டை இலக்கம் கேட்டது, கொடுத்தேன். நாலாம் நாள் கழற்றி எறிந்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் பிள்ளைக்கு அது பிடித்துவிட்டது. கிழமைக்கு ஏறத்தாழ ஐந்து டொலர் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்ததை நான் மாதத்துக்கு என்று வாசித்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, "சரி, போதும்" என்று ஆப்பை அழித்துவிட்டேன். அழித்தால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஆப்பை ஃபோனிலிருந்து எடுப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. பிளே ஸ்டோருக்குள் போய், சந்தாக்கள் என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே நிறுத்தவேண்டும். பதினோராவது கிழமை வங்கிக் கூற்றைப் பார்த்தபோது வரிசையாக ஒரே தொகை. கிழமைக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய், மொத்தம் 16,500. மற்றவனின் கணக்கில் ஐம்பது சதம் பிழைத்தாலும் கண்டுபிடிக்கிற தொழில் என்னுடையது. சொந்தக் கூற்றைத் திறந்து பார்க்கப் பதினோரு கிழமை. மனைவியிடம் சொல்ல இன்னும் இரண்டு கிழமை.

காசைவிட மோசமானது அந்த ஆப் பிள்ளைக்குச் செய்தது. ஃபோன் கையில் இருந்தால் அறுபது எழுபது புள்ளிச் சொல்லாக வைப்பாள். ஃபோனை வாங்கி வைத்துவிட்டால் மூன்றெழுத்துச் சொல்லோடு நிற்பாள். தேடித் தருகிற கருவி தேடுகிற வேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போதும் நாங்கள் அப்படியான தளங்களைப் பாவிக்கிறோம், இலவசமாகவே நிறைய இருக்கின்றன, ஆனால் ஒழுங்கு வேறு. முதலில் இரண்டு நிமிஷம் வெறும் கண்ணால் தேடவேண்டும். கண்டதை ஒரு கடதாசியில் எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் ஃபோன், அதுவும் தவறவிட்டது என்ன என்று பார்க்க மட்டும். தவறவிட்ட சொல்லில் ஒன்றை மட்டும் கொப்பியில் எழுதி வைப்பாள். ஐந்தை எழுதினால் ஐந்தும் மறக்கும். இன்னொன்று, நான் பார்த்த பல தளங்களில் அமெரிக்கப் பட்டியல்தான் முதலில் தெரிவாகி நிற்கும். கொலின்ஸ் என்று மாற்றிவிட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் என் 1,800 ரூபாய்ப் புத்தகத்தை நீங்கள் இலவசமாக வாங்கின மாதிரி.

இடையில் இன்னொரு கூத்து. கியூவில் சூடு கண்ட பூனையாகி, "கியூ உள்ள சொற்கள்" என்று தேடி வந்த பட்டியல் முழுவதையும் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்தேன். 64 பக்கம், பக்கம் 15 ரூபாய், 960. கொண்டுவந்து பார்த்தால் பாதிக்கு மேல் பத்து, பன்னிரண்டு எழுத்து நீளச் சொற்கள். கையில் ஏழு எழுத்து வைத்திருக்கிறவளுக்கு அது என்னத்துக்கு? நான் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சொல் தேடுவதில் மூன்று வேறு வேறு கேள்வி இருக்கிறது, மூன்றும் ஒன்று போலவே தெரியும். இந்த எழுத்து எங்காவது உள்ள சொற்கள் என்பது ஒன்று. இந்த ஏழு எழுத்துகளால் மட்டும் செய்யக்கூடிய சொற்கள் என்பது இன்னொன்று, ஸ்க்ராபிளுக்குப் பெரும்பாலும் வேண்டியது இதுதான். மூன்றாவது, எழுத்து எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று தெரிந்து தேடுவது. குறுக்கெழுத்துக்கும், கந்தோரில் சின்னப் பொடியன்கள் காலையில் விளையாடுகிற அந்த ஐந்தெழுத்து வேர்டிலுக்கும் அது. தேடுகிற பெட்டியில் தெரியாத இடத்துக்குக் கேள்விக்குறி போடுகிற முறை அதற்குத்தான்.

மனைவியிடம் திட்டு வாங்கின அடுத்த நாள்தான் பயிற்சியாளரிடம் போனேன். அந்தப் பாடசாலையின் பழைய மாணவர், வயது இருபத்தைந்து இருக்கும், பிள்ளைகள் அண்ணா என்று கூப்பிடுவார்கள். நல்ல தமிழில் கதைத்தார்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் ஆங்கிலம் சரியில்லை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நைஜல் ரிச்சர்ட்ஸின் கதையைச் சொன்னார். நியூசிலாந்துக்காரர். 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றவர், அவருக்குப் பிரெஞ்சு கதைக்கத் தெரியாது. ஒன்பது கிழமை பட்டியலை மனனம் செய்துவிட்டுப் போனாராம். "அங்கிள், இது மொழி இல்ல, எழுத்துக் கணக்கு" என்றார். கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. அவர் முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாகத் தந்தார். 2019 பட்டியல், 2,79,496 சொல். ஸிஸிவா என்ற இலவச மென்பொருளையும் சொன்னார், எழுத்துகளைக் கலைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கும். அந்தப் பெயர் தென்னமெரிக்க வண்டு ஒன்றின் பெயர், அதில் மூன்று இஸட் வரும். பெட்டியில் இருப்பது ஒரே ஒரு இஸட், எந்த எழுத்தாகவும் பாவிக்கக்கூடிய இரண்டு வெறுங்காய். மூன்றும் ஒருவர் கைக்கே வந்தால் வைக்கலாம், அதற்கு லொத்தர் வாங்கலாம்.

கோப்பை எக்ஸெலில் திறந்தேன். இந்த இடம் என் வீடு. முதல் நிரலில் சொல், இரண்டாவது நிரலில் எழுத்து எண்ணிக்கைக்கு ஒரு சின்னச் சூத்திரம். பிறகு வடிகட்டியில் இரண்டு நிபந்தனை: கியூ இருக்கவேண்டும், கியூ-யூ சேர்ந்து இருக்கக்கூடாது. நீளம் ஐந்துக்குள். 64 பக்கம் ஒரு சின்னத் துண்டாகச் சுருங்கியது. அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், தேநீர் நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாநா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி அது?" நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். யூ இல்லை, கியூ-ஏ-டி-ஐ. "காதி" என்றார். அடுத்தது தலாக். அடுத்தது நிகாப். அடுத்தது பக்கீர். "இதுக்கா காசு குடுத்த? இதெல்லாம் எங்கட வாயில கிடக்கிற சொல்தானே" என்று விழுந்து விழுந்து சிரித்தார். முஸ்லிம்களின் விவாக வழக்கு கேட்கிற காதி நீதிமன்றம் என்று பேப்பரில் நானே எத்தனை தரம் வாசித்திருக்கிறேன். யூ இல்லாமல் கியூ வருகிற சொற்களில் பல அரபியிலிருந்து போனவை, அங்கே அடித்தொண்டையில் வருகிற ஓர் எழுத்தைத்தான் ஆங்கிலத்தில் கியூ ஆக்கியிருக்கிறார்கள். அன்று பின்னேரம் மகளுக்கு நாநா ஃபோனில் ஒவ்வொரு சொல்லாக விளக்கம் சொன்னார். அவள் அந்தச் சொற்களை இன்றுவரைக்கும் மறக்கவில்லை. பொருள் தெரியாமலும் விளையாடலாம் என்று நைஜல் ரிச்சர்ட்ஸ் காட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் கதை இருக்கிற சொல்தான் நிற்கிறது.

ஆனால் கியூவுக்கு இவ்வளவு மினக்கெட்டதே பிழை என்று பிறகு அண்ணா சொன்னார், அது நூறு வீதம் சரி. பெட்டியில் 100 காய். அதில் கியூ ஒன்று, இஸட் ஒன்று, ஜே ஒன்று, எக்ஸ் ஒன்று. ஈ மட்டும் 12. ஏயும் ஐயும் ஒன்பது ஒன்பது. ஓ எட்டு. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், 1930களில் வேலை இல்லாமல் இருந்த காலத்தில், நியூயோர்க் டைம்ஸின் முன்பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று எண்ணித்தான் இந்தக் கணக்கைப் போட்டார் என்பார்கள். அப்படியென்றால் நாம் தேடவேண்டியதும் அந்தக் கணக்குப்படிதான். அடிக்கடி கையில் விழுகிற எழுத்துகள் எவையோ அவற்றுக்கான சொற்கள் முதலில். ஒற்றைக் காய்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று குட்டிச் சொல் போதும்: கியூவுக்கு கியூ-ஐ, இஸட்டுக்கு ஏ, ஈ, ஓ மூன்றையும் பின்னால் ஒட்டலாம், எக்ஸுக்கு முன்னால் ஏ, ஈ, ஓ, பின்னால் ஐ, யூ, ஜேக்கு ஏ, ஓ. வியை மட்டும் நம்பவேண்டாம். வி எழுத்தோடு இரண்டெழுத்துச் சொல் ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பிள்ளையின் கையில் மிஞ்சிக் கிடந்ததும் ஒரு விதான்.

பொதுவான எழுத்துகளுக்கு அண்ணா காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. ரெட்டினா, அதுதான் விழித்திரை, அதன் ஆறு எழுத்தும் பெட்டியில் தாராளமாக உள்ளவை. அதோடு ஏழாவதாக எது வந்தாலும் ஒரு சொல் ஆகுமா என்று பார்க்கவேண்டும். ஜி வந்தால் கிரானைட். எம் வந்தால் மினரெட், பள்ளிவாசல் மினாராதான். சி வந்தால் சேர்ட்டன், நிச்சயம் என்று பொருள். எல் வந்தால் லட்ரின், மகள் இதை மட்டும் ஒரே தரத்தில் பாடமாக்கினாள். பெயின்டரின் முதலெழுத்து வந்தால் பெயின்டரே வருவார். ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் புள்ளிக்கு மேல் 50. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இந்த ஒரு பட்டியலும் 127 சொற்களும் மட்டும் ஒட்டியிருக்கிறோம். 64 பக்கத்தின் பின்பக்கத்தில் மாமி கடைக் கணக்கு எழுதுகிறா.

நானாகக் கண்டுபிடித்தது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு ஆசை. பாடசாலையில் தமிழ் இலக்கணத்தில் பகுபதம் படித்திருப்பீர்கள். நடந்தனன் என்ற சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிளந்து எழுதவேண்டும். எங்கள் வாத்தியார் பிரம்போடு நின்று படிப்பித்தார். மகள் ராக்கில், அதாவது காய்களை நிறுத்தி வைக்கிற தட்டில், ஏழு எழுத்தையும் வந்த ஒழுங்கிலேயே வைத்துக்கொண்டு முழிக்கிறதைப் பார்த்தபோது எனக்கு அது நினைவு வந்தது. "மகள், முதல்ல விகுதியப் பிரிச்சு வலப்பக்கம் தள்ளுங்க" என்றேன். ஐ-என்-ஜி இருந்தால் மூன்றையும் வலக்கரைக்கு. ஈ-டி, ஈ-ஆர் இருந்தால் அதுவும் அப்படியே. எஸ் தனியாகக் கடைசியில். ஆர்-ஈ, யூ-என் போன்றவை இடக்கரைக்கு. நடுவில் மிஞ்சுகிற மூன்று நான்கு எழுத்துதான் பகுதி, அதைக் குலுக்கினால் போதும். ஏழு எழுத்தைக் குலுக்குவதும் நாலைக் குலுக்குவதும் ஒன்றா? காதுக்குப் பழகின சொல்லைத் தேடாமல் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தைத் தேடவும் இது பழக்கியது. தமிழில் உச்சரிப்பும் எழுத்தும் பெரும்பாலும் கூடவே போகும், அதனால் நாங்கள் ஆங்கிலத்தையும் காதால் தேடப் பார்க்கிறோம், அங்கேதான் சறுக்கும். இதை அண்ணாவிடம் சொன்னேன். அவர்கள் முன்னொட்டு, பின்னொட்டு என்று ஏற்கெனவே படிப்பிக்கிறதுதானாம். பரவாயில்லை. நான் நன்னூல் வழியாக வந்தேன்.

எஸ்ஸைப் பற்றி ஒரு வரி. பெட்டியில் நாலே நாலுதான். அதை ஐந்தாறு புள்ளிக்காக அவசரப்பட்டுக் கொட்டிவிட்டால் பிறகு அழவேண்டும். நான் இப்போதும் கொட்டிவிட்டு அழுகிறேன்.

இரண்டாவது போட்டி மார்கழியில். ஆறு ஆட்டத்தில் நாலு வென்றாள். கிண்ணம் ஒன்றும் வரவில்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆட்டத்தில் இவள் கையில் ஏ, என், ஐ, சி, யூ எல்லாம் இருந்தது, கூட ஒரு டியும். அணைக்கட்டு! நம்முடைய அணைக்கட்டுத்தான் ஆங்கிலத்தில் அனிகட் என்று போயிருக்கிறது, கொலின்ஸில் இருக்கிறது. கட்டுமரம், கறி, சுருட்டு எல்லாம் இப்படிப் போனவைதான். முந்தின கிழமைதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கை இரண்டையும் கட்டிக்கொண்டேன், வாய் தானாகத் திறந்துவிடும் என்று பயம். அவள் அந்தச் சொல்லைக் காணவில்லை. வேறு ஏதோ நாலெழுத்து வைத்தாள். ஆனால் ஒரு சவால் விட்டாள், ஏழெழுத்துப் பொய்ச் சொல் ஒன்றுக்கு, கையை உயர்த்தும்போது இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சொல் பிழை என்று வந்தது.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் இருவரும் விளையாடுகிறோம். பத்தில் எட்டில் நான் தோற்கிறேன். போன ஞாயிறு அவள் ஒரு சொல் வைத்தாள். பூனக் என்று வாசிக்கவேண்டும் போல இருந்தது, நடுவில் இரண்டு ஓ, கடைசியில் சி. இப்படி ஒரு சொல்லா? புதுசாகக் கட்டி விடுகிறாள் என்று நினைத்து சவால் விட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கோப்பைத் திறந்து காட்டினாள். இருக்கிறது. பொருள் பார்த்தால் தேங்காய்ப் புண்ணாக்கு, சிங்களத்தின் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதாம். மாமி குசினிக்குள் இருந்து "என்ன சொல்லு?" என்று கேட்டா. சொன்னேன். "அது மாட்டுக்கு வைக்கிறதெல்லா" என்றா. மகள் பென்சிலை எடுத்துத் தன் பக்கத்தில் 5 எழுதிக்கொண்டாள்.